எனக்குக் கேட்கவில்லை, மேம்

காலை ஏழே முக்கால். பெண்கள் மருத்துவ வார்டில் இரவு டியூட்டி சிஸ்டர்கள் ஹேண்ட் ஓவர் முடித்துக் கிளம்புகிறார்கள். முதலாண்டு மாணவி ஒருத்தி ஆறாம் கட்டிலில் இருக்கும் மூதாட்டிக்கு பிபி பார்க்கக் கையில் கஃப் சுற்றுகிறாள். அவளது ஸ்டெதஸ்கோப்பில் ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. ஸ்கில் லேபில் தோழியின் கையில் நான்கு முறை பார்த்திருக்கிறாள். நான்கு முறையும் கேட்டது. பல்பை அழுத்துகிறாள், திருகைத் தளர்த்துகிறாள், முள் இறங்குகிறது. காதில் ஏதோ இரைகிறது. அது ரத்தம் ஓடும் ஓசையா, மின்விசிறியா, பக்கத்துக் கட்டிலில் டிபன் கேரியர் திறக்கிற சத்தமா என்று பிரிக்கத் தெரியவில்லை. மறுபடி அழுத்துகிறாள். மறுபடி இரைச்சல்.

“ஏங் கண்ணு, ரெண்டு வாட்டி அடிக்கிறியே, பிரஷர் ரொம்ப ஏறிப்போச்சா?”

“இல்ல பாட்டி, நார்மலாத்தான் இருக்கு.”

இன்னும் ஐந்து கட்டில் பாக்கி. பத்து நிமிடத்தில் மேம் வந்துவிடுவார். கேஸ் ஷீட்டில் 120/80 என்று எழுதிவிட்டு அவள் ஏழாம் கட்டிலுக்கு நகர்கிறாள்.

இது ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு நாள் நடந்த சம்பவம் இல்லை. செவிலியர் படிப்பு படித்தவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேசினால், அந்த 120/80 யாருக்கும் புதிதாக இருக்காது. அதன் தங்கைகளும் உண்டு: எண்ணாமலே எழுதிய மூச்சு 18, தொடாமலே எழுதிய நாடி 72. இந்த எண்களை எழுதிய பெண் சோம்பேறி இல்லை, பொய் சொல்லும் சுபாவமும் அவளுக்கு இல்லை. ஓசையைப் பிடிக்கும் திறமை இன்று இல்லாவிட்டால் பத்து நாளில் வந்துவிடும். அன்று காலை அவளிடம் இல்லாமல் போனது, “எனக்குக் கேட்கவில்லை, மேம்” என்கிற மூன்று சொல்லைச் சொல்லும் தெம்பு. செவிலியர் கல்வியில் தன்னம்பிக்கை என்று எதைச் சொல்ல வேண்டுமோ, அது இந்தத் தெம்புதான். சிக்கலை அவிழ்க்கிற புத்தி அதற்குப் பின்னால்தான் வரும். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாதவருக்கு அவிழ்ப்பதற்குச் சிக்கலே இல்லையே.

அந்த ஓசையின் கதையை ஒரு நிமிடம் பார்க்கலாம். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கையில் கட்டும் கஃப்பை உருவாக்கினார். அவர் காதால் கேட்கவில்லை. மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு காற்றை ஏற்றினார்; எந்த அளவில் நாடி மறைகிறது, எந்த அளவில் திரும்புகிறது என்று பார்த்தார். மேல் அளவு மட்டும் கிடைத்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 1905இல், ரஷ்ய அறுவை மருத்துவர் நிகோலாய் கொரோட்காஃப் முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஓசை தொடங்கும் இடம் மேல் அளவு, அடங்கும் இடம் கீழ் அளவு என்றார். இன்றைக்கும் மாணவி கேட்கப் பார்ப்பது அந்த ஓசையைத்தான்.

ரிவா ரோச்சியின் விரல் முறை பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. முதலில் நாடியைத் தொட்டு, அது மறையும் அளவைப் பார், அதற்கு மேல் 30 ஏற்று, பிறகு கேள் என்று எழுதியிருக்கிறது. மாணவர்கள் இதைத் தேர்வுக்கான சடங்காகச் செய்துகாட்டுவார்கள், வார்டில் விட்டுவிடுவார்கள். அந்தப் படி எதற்காக இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் கதையே வேறு. ரத்த அழுத்தம் அதிகமுள்ள சிலருக்கு ஓசை நடுவில் கொஞ்ச தூரம் காணாமல் போய் மறுபடி வரும். நாடியைத் தொட்டுப் பார்க்காதவர் அந்த இரண்டாவது தொடக்கத்தையே மேல் அளவென்று எடுத்துக்கொள்வார். 180 இருக்கிறவருக்கு 140 என்று எழுதிவிடுவார். காது கைவிட்டாலும் விரல் கைவிடாது. “காதுக்குக் கேட்கவில்லை, நாடி வழியாக மேல் அளவு 150” என்று எழுதினால் அது முழுமையான பதிவு இல்லைதான், ஆனால் உண்மையான பதிவு. டாக்டர் அதை வைத்து மேற்கொண்டு யோசிக்க முடியும். கற்பனை செய்த 120/80ஐ வைத்து யாரும் எதையும் யோசிக்க முடியாது.

கேட்காமல் போவதற்குக் காரணங்களும் எண்ணிச் சொல்லக்கூடியவையே. காதில் மாட்டும் முனைகள் மூக்கை நோக்கித் திரும்பாமல் பின்பக்கம் பார்த்திருக்கும். ஸ்டெதஸ்கோப்பின் முகம் மறுபக்கத்துக்குத் திருகியிருக்கும். விரலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தமனி முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஓட, இவள் நட்டநடுவில் வைத்திருப்பாள். பாட்டியின் கை மடங்கியிருக்கும். சுருட்டிய ரவிக்கைக் கை மேலே இறுக்கியிருக்கும். திருகை வேகமாகத் திறந்திருப்பாள். எல்லாவற்றையும்விட, ஓய்வு தராமல் திரும்பத் திரும்ப அழுத்தினால் கையில் ரத்தம் தேங்கி ஓசை இன்னும் மங்கிவிடும். கஃப்பை முழுக்கத் தளர்த்தி, கையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். ஒரு சின்ன வேலைக்குள் இத்தனை முடிச்சுகள். பதற்றத்தில் இருப்பவரால் இதில் ஒன்றைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியாது. தன்னம்பிக்கையும் சிக்கல் தீர்ப்பதும் இரண்டு தனித் தலைப்புகளாகப் பாடத்திட்டத்தில் இருக்கலாம். கட்டிலருகே அவை ஒரே மூச்சில்தான் நடக்கின்றன.

இந்தத் தெம்பை எங்கே பழகுவது? செவிலியர் பயிற்சி நெடுங்காலம் நோயாளியின் உடம்பில்தான் நடந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரிலான பயிற்சிப் பள்ளி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் தொடங்கியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி ஆரம்பமானது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கேயே பட்டப்படிப்பு வந்தது. எல்லா இடத்திலும் வார்டே வகுப்பறை. மூத்த சிஸ்டர் செய்வதைப் பார்க்க வேண்டும், பிறகு செய்ய வேண்டும். முதல் ஊசி உயிருள்ள ஒருவரின் தோலில்தான் இறங்கியது.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைச் செவிலியர் பள்ளி இதை மாற்ற நினைத்தது. வீட்டுக் குழந்தைகளுக்குத் துணிப்பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த மார்த்தா சேஸ் என்ற பெண்மணியிடம் ஆளுயரப் பொம்மை ஒன்று கேட்டார்கள். 1911இல் அது வந்து சேர்ந்தது. மாணவிகள் அதற்கு வைத்த பெயர் மிஸஸ் சேஸ். படுக்கை மாற்ற, குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க, கட்டுப் போடப் பழகினார்கள். 1914இல் வந்த பொம்மையில் ஊசி போடவும் இடம் இருந்தது. 1960இல் நார்வேயின் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிப் பழகுவதற்கு ரெசஸி ஆன் என்ற பொம்மையைச் செய்தார். இன்றைக்கு நம் ஊர்க் கல்லூரிகளின் ஸ்கில் லேபில் படுத்திருக்கும் டம்மிகள் இந்த வம்சத்தில் வந்தவை. மரப்பாச்சிக்குத் தலைவாரி விளையாடிய கை, அந்த விளையாட்டின் நீட்சியாகவே உயிர்காக்கும் வேலையைப் பழகுகிறது என்று நினைத்தால் அதில் ஓர் அழகு இருக்கிறது.

டம்மிக்கு வலிக்காது. மூன்று முறை குத்தினாலும் கோபிக்காது. தவறு செய்ய அனுமதி தருகிற இடம் அது. இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் எட்டு செமஸ்டர்களாகப் பிரிந்து, ஸ்கில் லேபுக்கும் பாவனைப் பயிற்சிக்கும் (சிமுலேஷன்) தனியாக நேரம் ஒதுக்குகிறது. நல்ல முடிவு. ஆனால் டம்மி வாங்கினால் போதும் என்ற எண்ணம் சில நிர்வாகங்களுக்கு வந்திருப்பதால் ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் 10 கல்லூரிகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2014இல் முடிவை வெளியிட்டது. மாணவர்களை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வார்டு பயிற்சி. இன்னொரு குழுவுக்கு வார்டு நேரத்தில் கால் பங்கைப் பாவனைப் பயிற்சியாக மாற்றினார்கள். மூன்றாவது குழுவுக்குப் பாதியை மாற்றினார்கள். படிப்பு முடிவில் அறிவிலும், செய்திறனிலும், உரிமத் தேர்வு வெற்றியிலும் மூன்று குழுக்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பாதி வார்டைப் பொம்மைக்கு மாற்றிவிடலாம் என்று இதைப் படித்தால் பிழையாகிவிடும். அந்தக் கல்லூரிகளில் பாவனைப் பயிற்சி நடத்திய ஆசிரியர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் மாணவர்களை உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் பேசவைத்தார்கள். பயன் பொம்மையிலிருந்து வந்ததைவிட அந்தப் பேச்சிலிருந்து வந்தது அதிகம் என்று கருத இடமிருக்கிறது.

அந்தப் பேச்சு எப்படி நடக்க வேண்டும்? தமிழில் ‘ஏன்’ என்பது ஆபத்தான சொல். “ஏன் இப்படிப் பண்ணே?” என்று ஆசிரியர் கேட்டால் அது கேள்வியே இல்லை, திட்டு. மாணவி தலையைக் குனிந்து “சாரி மேம்” என்பாள். பாடம் அங்கே முடிந்துவிடும். “அந்த நேரத்துல என்ன நினைச்சே?” என்று கேட்டுப் பார்த்தால் தெரியும். “நாடி வேகமா இருந்துச்சு மேம், காய்ச்சலாலன்னு நினைச்சேன்” என்று அவளுடைய மனக்கணக்கு வெளியே வரும். எந்த இடத்தில் கணக்குத் தப்பியது என்று இருவருக்கும் தெரியும். இரண்டு கேள்விக்கும் நேரம் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான்.

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் சொல், தன் உடம்பின் நிலை என்று நான்கு ஊற்றுகள். பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து அவர் குழு சோதனை செய்தது. பிறர் பாம்பைத் தொடுவதை மட்டும் பார்த்தவர்களைவிட, துணையோடு படிப்படியாகத் தாமே தொட்டுப் பழகியவர்களுக்கு நம்பிக்கை கூடுதலாக வந்தது. வார்டில் ஊசியும் பாம்பும் ஒன்றுதான். சீனியர் அக்கா வென்ஃப்ளான் (சலைன் ஏற்றும் கேனுலா) போடுவதை ஐம்பது முறை பார்த்த கை, ஒரு முறைகூடப் போடாத கைதான்.

‘தன்னைப் போன்ற ஒருவர்’ என்பதில் உள்ள நுட்பத்தை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். இருபது வருட அனுபவமுள்ளவர் சட்டென்று நரம்பைப் பிடித்து கேனுலா போட்டுவிட்டால் (மக்கள் வாயில் சிரையும் நரம்புதான்) மாணவிக்கு வியப்பு வருமே தவிர நம்பிக்கை வராது. “அவங்க அவங்கதான்” என்று ஒதுங்கிக்கொள்வாள். மூன்றாமாண்டு அக்கா முதல் தடவை தவறி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்து, “சாரிம்மா, இந்த நரம்பு வழுக்குது, அந்தக் கையில பாக்கறேன்” என்று சொல்லி, நீலத்துக்குப் பதில் சிறிய மஞ்சள் கேனுலாவை எடுத்து இரண்டாம் முறை சரியாகப் போடுவதைப் பார்த்தால், அதில்தான் அவளுக்கு வழி தெரிகிறது.

நம்பிக்கை மட்டும் வளர்ந்தால் போதுமா? போதாது, ஆபத்தும்கூட. 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் இருவரும், திறமை குறைந்தவர்களே தங்களை அதிகமாக மதிப்பிட்டுக்கொள்வதைச் சோதனைகளில் காட்டினார்கள். செவிலியர் கல்வியில் நம்பிக்கையை அளக்கும் பல ஆய்வுகள் மாணவர்களிடமே ஒரு தாளைக் கொடுத்து ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடச் சொல்பவை. அந்த மதிப்பெண் ஏறியதாலேயே கை பழகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பயப்படாத மாணவியும் பழகிய மாணவியும் ஒருவரேயாக இருக்க வேண்டியதில்லை.

சொட்டு இறங்காத பாட்டிலை எடுத்துக்கொள்வோம். இதைவிட அன்றாடமான சிக்கல் வார்டில் கிடையாது. 500 மி.லி. சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு 21 சொட்டு. கணக்கு எல்லோருக்கும் வரும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஆறு சொட்டுதான் விழுகிறது. பயம் தெளிந்த ஒரு மாணவி வருகிறாள், குழாயிலுள்ள ரோலரை மேலே தள்ளித் திறக்கிறாள், சொட்டு வேகமாகிறது, போய்விடுகிறாள். நோயாளி மடக்கியிருந்த கையை நீட்டியதும் அது குழாய்த் தண்ணீர் போல ஓடும். இதய பலவீனமுள்ளவருக்கு அந்த வேகம் மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம்.

இன்னொரு மாணவி ரோலரைத் தொடவில்லை. முதலில் முகத்தைப் பார்க்கிறாள். “கை வலிக்குதாண்ணா?” பிறகு ஊசி ஏறிய இடம்: வீங்கியிருக்கிறதா, தொட்டால் சில்லென்று இருக்கிறதா? அப்படியென்றால் சலைன் நரம்பை விட்டு வெளியே போகிறது. வார்டு மொழியில் ‘லைன் அவுட்’, கழற்ற வேண்டியதுதான். சிவந்து சுடுகிறதா? அதற்கும் கழற்ற வேண்டும். இரண்டும் இல்லை. கை மடங்கியிருக்கிறதா? நீட்டச் சொல்கிறாள். குழாயை விரலால் தடவிக்கொண்டே மேலே போகிறாள்; கட்டில் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டி நசுங்கியிருக்கிறது. எடுத்து விடுகிறாள். ஸ்டாண்டு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துகிறாள். கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுகிறாள். 19. ரோலரை மயிரிழை நகர்த்துகிறாள். 21. மொத்தம் சில நிமிடங்கள்தான்.

நோயாளியிடமிருந்து பாட்டிலை நோக்கிப் போன அந்தப் பயணத்தை 2006இல் செவிலியர் கல்வியாளர் கிறிஸ்டின் டேனர் நான்கு சொல்லில் வடித்தார்: கவனித்தல், பொருள் கொள்ளுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். செவிலியரின் தீர்மானம் இப்படித்தான் உருவாகிறது என்பது அவர் சொன்ன மாதிரி. மாணவர்கள் பெரும்பாலும் முதல் படியைத் தாண்டி நேராக மூன்றாம் படிக்குத் தாவுகிறார்கள். தேர்வுகள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. ட்ரேயில் சாமான் சரியாக இருக்கிறதா, பதினெட்டுப் படிகளும் வரிசையாக வந்தனவா என்று மதிப்பெண் விழுகிறது. நோயாளியின் முகத்துக்கு எத்தனை மதிப்பெண்?

கவனிப்பதில் தமிழ்நாட்டு மாணவிக்கு ஒரு பெரிய செல்வம் கையில் இருக்கிறது. அதைச் செல்வம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பெண், கல்லூரியில் முதல் மாதமே வாயடைத்துப் போகிறாள். புத்தகம் ஆங்கிலம், வைவா ஆங்கிலம், ஹேண்ட் ஓவர் ஆங்கிலம். நோயாளி மோசமாவது அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் போய்விடும். மொழிப் பயத்தை நாம் திறமைக் குறைவு என்று எழுதிவைக்கிறோம்.

அதே பெண் கட்டிலருகே நின்றால் காட்சி மாறுகிறது. “நெஞ்சு கரிக்குது”, “நெஞ்சை அடைக்குது”, “நெஞ்சைப் பிசையுது” என்று மூன்று பேர் சொன்னால் மூன்றும் வேறுவேறு என்று அவளுக்குத் தெரியும். கரிக்கிறது என்பவருக்கும் மாரடைப்பாக இருக்கலாம் என்பதைப் படிப்பு சொல்லித்தருகிறது. எந்தச் சொல் எந்த வேதனை என்பதை ஊர் முன்பே சொல்லித்தந்துவிட்டது. “கிறுகிறுன்னு வருது”, “படபடன்னு அடிக்குது”, “கை காலெல்லாம் மதமதன்னு இருக்கு”, “குப்புன்னு வேர்க்குது” என்கிற இரட்டைக்கிளவிகளும் ஒலிக்குறிப்புகளும் நோய்க்குறிகளின் பட்டியல். சர்க்கரை நோயாளி ஒருவர் காலை பத்தரைக்கு “என்னமோ படபடன்னு வருதும்மா, குப்புன்னு வேர்த்துப் போச்சு” என்றால், காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிடாமல் விட்டாரா என்று கேட்கத் தோன்ற வேண்டும். கேட்டுவிட்டு உடனே விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். தமிழில் கேட்டதை முதலில் தமிழிலேயே மேம்மிடம் சொல்லட்டும். ஆங்கிலத்தில் எழுதுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

இன்சுலின் என்றதும் இன்னொன்று. நம் நாட்டில் இன்சுலின் புட்டி பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்தும் புழங்குகிறது. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை எடுத்தால் அரை மி.லி. வரும். உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். இரண்டரை மடங்கு. அந்த இடத்தில் புட்டியையும் மூடியையும் மாறிமாறிப் பார்த்து, “சிஸ்டர், இது ரெண்டும் ஒத்துப்போகல, ஒரு தடவை பாருங்க” என்று கேட்கிற மாணவி ஓர் உயிரைக் காப்பாற்றுகிறாள். வார்டில் இருபது பேருக்கு ஊசி போட வேண்டிய அவசரத்தில் நிற்கும் சிஸ்டர் அவளுக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதில், அவள் அடுத்த முறை கேட்பாளா என்பது அடங்கியிருக்கிறது.

இதற்கு ஆராய்ச்சிச் சான்று உண்டு. 1990களில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளைப் பார்த்தார். எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல வார்டுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. யோசித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அங்கே பிழைகள் அதிகமாக நடக்கவில்லை. அதிகமாக வெளியே சொல்லப்பட்டன. அதட்டுகிற தலைமை உள்ள வார்டில் பிழை அடியில் தங்கிவிட்டது. 1996இல் வெளியான இந்த முடிவை ஒவ்வொரு வார்டு மேற்பார்வையாளரும் ஒரு முறை படிக்க வேண்டும்.

நோயாளி முன்னால், உறவினர் முன்னால், ஆறு சக மாணவர்கள் முன்னால் திட்டு வாங்கிய பெண் அன்றைக்கு ஒரு பாடத்தைக் கற்கிறாள்: இனி காட்டிக்கொள்ளக் கூடாது. 120/80 பிறப்பது அங்கேதான். திட்டுகிற ஆசிரியரையும் சிஸ்டரையும் குற்றவாளியாக்கி இதை முடித்துவிட முடியாது. அவர்களும் இப்படித்தான் பயிற்சி பெற்றார்கள். ஒரே ஆசிரியர் மூன்று வார்டுக்கு ஓடுகிறார். ஸ்டாஃப் நர்ஸுக்கோ தன் நோயாளிகளைப் பார்க்கவே நேரம் போதவில்லை. மாணவிக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலைக் கணக்கில் எங்கும் ஏறுவதில்லை. அந்த நேரத்தை வேலையாகக் கணக்கில் எடுக்காத வரை, பொறுமையை மட்டும் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அனுபவம் முற்றிய செவிலியருக்கு வேறொரு காது முளைக்கிறது. செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984இல் எழுதிய நூலில், புதியவரிலிருந்து வல்லுநர்வரை ஐந்து படிகளைச் செவிலியர்களின் சொந்த அனுபவங்களைக் கொண்டு விளக்கினார். முதற்படியில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஐந்தாம் படியில் இருப்பவர் அறைக்குள் நுழைந்ததும் “ஏதோ சரியில்லை” என்கிறார். எண்கள் பிறகுதான் மாறுகின்றன. 1990இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் அவசர மருத்துவக் குழு என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர்கள் இதை மதித்தார்கள். நாடி, மூச்சு, அழுத்தம் இவ்வளவு மாறினால் குழுவைக் கூப்பிடலாம் என்ற பட்டியலில், ஊழியருக்குக் கவலையாக இருந்தால் கூப்பிடலாம் என்பதும் சேர்ந்தது. கவலையும் ஓர் அளவீடாக ஏற்கப்பட்டது. அந்தக் கவலையை நம்பலாம் என்ற நிலைக்கு மாணவியைக் கொண்டுவருவது ஆண்டுக்கணக்கான வேலை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிப் பழகிய கண்ணுக்கு அது வராது.

கல்லூரிகள் செய்யக்கூடிய சில காரியங்கள் பெரிய பணம் கேட்பவை இல்லை. ஒரே முகத்துக்கு இரண்டு ஜோடி காதுக்குழாய் பொருத்திய பயிற்சி ஸ்டெதஸ்கோப் கடைகளில் கிடைக்கிறது. ஆசிரியரும் மாணவியும் ஒரே நேரத்தில் ஒரே ஓசையைக் கேட்கலாம். “இப்போ ஆரம்பிச்சுது... இப்போ போச்சு” என்று ஆசிரியர் விரலைத் தூக்கிக் காட்டினால், எது ஓசை எது இரைச்சல் என்பது ஒரே காலையில் பிரிந்துவிடும். ஸ்கில் லேபை மாலையில் பூட்டாமல், மூத்த மாணவர் ஒருவர் பொறுப்பில் எட்டு மணிவரை திறந்துவைக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் ஆசிரியரே முன்வந்து, தன் தொடக்கக் காலத்தில் தான் தவறிய ஒரு நாளைச் சொல்லலாம்.

லாக் புக்கிலும் ஒரு திருத்தம் வேண்டும். பார்த்தது, உடனிருந்து செய்தது, தனியாகச் செய்தது என்று தேதியும் கையெழுத்தும் விழுகிற அந்தப் புத்தகத்தில், எந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன் என்று எழுத ஒரு பத்தி இருக்கட்டும். தமிழிலேயே எழுதட்டும். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வாரக் கடைசியில் ஆசிரியர் படித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அப்படியொரு பத்தியும் சொல்லும் தெம்பும் இருந்திருந்தால், ஆறாம் கட்டில் மாணவி அதில் இப்படி எழுதியிருப்பாள்: “பாட்டிக்கு பிபி இரண்டு முறை கேட்கவில்லை. மேம்மிடம் சொன்னேன். ரவிக்கைக் கை இறுக்கியிருந்தது, முழங்கையும் மடங்கியிருந்தது. ஒரு நிமிடம் விட்டு, நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தோம். 164/96. டாக்டர் வந்து மாத்திரையை மாற்றினார்.”